பெருந்துடுப்புக் கணவாய்

பெருந்துடுப்புக் கணவாய் என்பது உலகின் ஆழ்கடல்களில் வாழும், மிக நீண்ட கைகளை உடைய ஒரு கணவாய்ப் பேரினம் ஆகும். இதன் அறிவியற் பெயர் மாக்னாபின்னா. இது மெல்லுடலிகள் தொகுதியில், தலைக்காலிகள் வகுப்பில் அடங்கும். மாக்னாபின்னிடே என்னும் குடும்பத்தின் ஒரே பேரினம் இதுவே. இதன் படப்பதிவுகளிற் பெரும்பாலானவை கடல்மட்டத்திலிருந்து 2,000 முதல் 5,000 மீட்டர் வரையான ஆழத்தில் எடுக்கப்பட்டவை. 6,000 மீட்டருக்கும் கீழே ஒருமுறை இது காணப்பட்டுள்ளது.

இக்கணவாயைப் பற்றிய அறிவு இரு தனித்தனி வழிகளில் கிடைத்தது. வலைகளில் அகப்பட்டவை யாவும் சில சென்டிமீட்டர் உடல் நீளமே கொண்ட இளம் உயிரிகள். அவற்றுட் பல சிதைந்தவை. பல மீட்டர் நீளமுள்ள பெரிய உயிரிகளோ ஆழ்கடற் கேமராக்களில் மட்டுமே பதிவாகியுள்ளன. முதிர்ந்த பெருந்துடுப்புக் கணவாய் ஒன்றுகூட இதுவரை பிடிக்கப்பட்டதில்லை. ஆகவே இதன் உடலமைப்பைப் படிக்கும்போது, எந்தச் செய்தி கையிலுள்ள மாதிரியிலிருந்து பெறப்பட்டது, எது படத்தைப் பார்த்து அறியப்பட்டது என்று பிரித்துப் பார்ப்பது இன்றியமையாதது.

பெயர்க் காரணம்

இலத்தீன் மொழியில் 'மாக்னா' என்பது பெரிய என்றும், 'பின்னா' என்பது துடுப்பு என்றும் பொருள்படும். இளம் மாதிரிகளில் துடுப்பின் நீளம் உடற்பகுதியின் நீளத்தில் 90 விழுக்காடு வரை இருந்தமையால் இப்பெயர் இடப்பட்டது. பொதுமக்களிடையே இக்கணவாய் அறியப்படுவது பெரும்பாலும் அதன் நீண்ட கைகளுக்காகவே. எனினும் பெயர் சூட்டிய ஆய்வாளர்களின் முன் இருந்த மாதிரிகளில் தெளிவாகத் தெரிந்த சிறப்புக்கூறு துடுப்பே ஆகும்.

கணவாய்களின் பொது அமைப்பு

பெருந்துடுப்புக் கணவாயின் தனித்தன்மையை உணர, கரையோரக் கடல்களில் வாழும் ஊசிக்கணவாயின் உடலமைப்பை முதலில் அறிவது பயன் தரும். ஊசிக்கணவாயின் உள்ளுறுப்புகளை மேண்டில் எனப்படும் குழாய் வடிவத் தசைப்போர்வை மூடியிருக்கும். அதன் பின்முனையில் இரு துடுப்புகள் உண்டு. முன்முனையில் தலையும், தலையைச் சுற்றி எட்டுக் கைகளும், இரண்டு பற்றுக்கைகளும் அமைந்திருக்கும்.

எட்டுக் கைகளும் குட்டையானவை. அவற்றின் உட்புறம் முழுவதும் உறிஞ்சிகள் வரிசையாக இருக்கும். பற்றுக்கைகள் இரண்டும் கைகளை விட நீளமானவை. அவற்றின் அகன்ற நுனியில் உறிஞ்சிகள் செறிந்திருக்கும். இரையைக் கண்டதும் ஊசிக்கணவாய் பற்றுக்கைகளை விரைந்து நீட்டிப் பிடித்து, கைகளால் அணைத்து, கிளியலகு போன்ற தன் வாயால் கடித்து உண்கிறது. சுருங்கச் சொன்னால், பற்றுக்கைகள் பிடிப்பதற்கும் கைகள் இறுக்கி வைப்பதற்கும் பயன்படுகின்றன. இந்த வேலைப்பிரிவு பெரும்பாலான கணவாய்களுக்குப் பொதுவானது.

உடலமைப்பு

பெருந்துடுப்புக் கணவாயில் இவ்வேறுபாடு வெளித்தோற்றத்தில் மறைந்துவிடுகிறது. படப்பதிவுகளில் எட்டுக் கைகளும் இரண்டு பற்றுக்கைகளும் ஏறத்தாழ ஒரே நீளமும் ஒரே தடிப்பும் உடையனவாகத் தெரிகின்றன. எது கை, எது பற்றுக்கை என்று படத்தைக் கொண்டு பிரிப்பது கடினம்.

ஒவ்வொரு கையும் இரு பகுதிகளைக் கொண்டது. தலையை ஒட்டிய பகுதி குட்டையாகவும் தடிப்பாகவும் உள்ளது. அதற்கு அப்பால் உள்ள பகுதி நூல் போன்று மெல்லிய, மிக நீண்ட இழையாகத் தொங்குகிறது. கைகளின் மொத்த நீளத்தில் பெரும்பங்கு இந்த இழைகளுக்கே உரியது. வலையில் அகப்பட்ட மாதிரிகளில் இழைகள் பெரும்பாலும் அறுந்துபோயிருந்தன. இதனால் இளம் உயிரிகளுக்கும் நீண்ட இழைகள் உண்டா என்னும் கேள்வி நெடுங்காலம் இருந்து வந்தது. ஆஸ்திரேலியாவின் தென்கரைக்கு அப்பால் எடுக்கப்பட்டு 2020 ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட படப்பதிவுகள், இளம் உயிரிகளின் அளவே உள்ளவற்றுக்கும் இழைகள் உண்டு என உறுதிப்படுத்தின.

மேண்டில் உடலின் மிகச் சிறிய பகுதியே. அதன் பெரும்பகுதியை இரு அகன்ற துடுப்புகள் சூழ்ந்துள்ளன. இக்கணவாய் துடுப்புகளை மெல்ல அசைத்தவாறு நீரில் மிதந்து நிற்பதையும், இடையூறு நேரும்போது துடுப்புகளை அடித்துக்கொண்டு அகல்வதையும் படங்களில் காணலாம்.

முழங்கை நிலை

இக்கணவாயை எளிதில் அடையாளம் காட்டுவது, அது தன் கைகளை வைத்திருக்கும் முறை ஆகும். கைகளின் தடித்த அடிப்பகுதி உடலிலிருந்து பக்கவாட்டில் விரிந்து நிற்கும். பின்னர் ஏறத்தாழ செங்கோணத்தில் மடங்க, இழைகள் நேர்கீழாகத் தொங்கும். மனிதக் கையின் முழங்கையை நினைவூட்டுவதால் இது முழங்கை நிலை எனப்படுகிறது. ஆயினும் அவ்விடத்தில் எலும்போ மூட்டோ கிடையாது. யானையின் துதிக்கையைப் போலவே கணவாயின் கையும் தசைகளால் மட்டுமே ஆனது. எந்த இடத்திலும் வளையக்கூடியது. தடித்த பகுதி முடிந்து இழை தொடங்கும் இடமே மடிப்பாகத் தோற்றமளிக்கிறது.

உடல் கிடைமட்டமாக இருக்கும்போதும் இந்நிலையைக் காணமுடியும் என்பதையும், இழைகள் சுருளாகச் சுருட்டிக்கொள்ளப்படுவதையும் ஆஸ்திரேலியப் படப்பதிவுகள் காட்டின. இழைகளை இவ்வாறு சுருட்டும் செயல் அதற்கு முன்னர் எந்தக் கணவாயிலும் கண்டறியப்படாத ஒன்று.

அளவு

படத்திலுள்ள உயிரியின் அளவைக் கணிக்க, அருகில் அளவு தெரிந்த பொருள் ஒன்று தேவை. 2000 ஆம் ஆண்டு சனவரியில் மெக்சிக்கோ வளைகுடாவில் பதிவான கணவாய், அதைப் படம்பிடித்த ஊர்தியின் பாகங்களோடு ஒப்பிடப்பட்டது. கைகளை முழுதும் நீட்டினால் அதன் மொத்த நீளம் ஏறத்தாழ 7 மீட்டர் இருக்கும் என மதிப்பிடப்பட்டது. இது தோராயமான கணிப்பே.

ஆஸ்திரேலிய ஆய்வில் வேறு முறை பயன்பட்டது. தமக்கிடையே மாறாத இடைவெளி கொண்ட இரு இணையான லேசர் கதிர்கள் கேமராவிலிருந்து செலுத்தப்பட்டன. அவை உயிரியின் உடலில் விழும்போது தோன்றும் இரு புள்ளிகளுக்கு இடையிலான தூரம் முன்பே அறியப்பட்டது ஆதலால், அதை அளவுகோலாகக் கொண்டு உடலை அளக்கலாம். இவ்வாறு அளக்கப்பட்ட கணவாயின் மேண்டில் ஏறத்தாழ 15 சென்டிமீட்டரும், மொத்த நீளம் ஏறத்தாழ 1.8 மீட்டரும் இருந்தன. அதாவது கை, மேண்டிலை விடப் பதினொரு மடங்குக்கு மேல் நீளமானது.

'7 மீட்டர் நீளக் கணவாய்' என்று படிப்பவர்கள் மாபெரும் உடலைக் கற்பனை செய்துகொள்வது இயல்பு. ஆனால் அந்நீளத்திற் பெரும்பகுதி நூல் போன்ற இழைகளே. பேருருக் கணவாய், மாபெருங் கணவாய் ஆகியவற்றோடு இதை எடையில் ஒப்பிட இயலாது. 2007 ஆம் ஆண்டு அண்டார்க்டிக்கக் கடலிற் பிடிபட்ட மாபெருங் கணவாய் ஒன்று 495 கிலோகிராம் எடை கொண்டிருந்தது.

கண்டறிந்த வரலாறு

இக்குடும்பத்தின் முதல் மாதிரி வட அத்திலாந்திக்கில் அசோர்சுத் தீவுகளுக்கு அருகே கிடைத்தது. அதை பிரெஞ்சு ஆய்வாளர்களான ஃபிஷரும் ஜூபனும் 1907 ஆம் ஆண்டு விவரித்தனர். மாதிரி மிகவும் சிதைந்திருந்தமையால் அதன் உண்மையான உறவு புலப்படவில்லை. சாட்டை போன்ற பற்றுக்கைகளையுடைய மாஸ்டிகோடியூதிடே குடும்பத்தில் அது சேர்க்கப்பட்டது. தென் அத்திலாந்திக்கிற் பிடிபட்ட மற்றோர் இளம் மாதிரியின் படம், கடல் உயிரியலாளர் அலிஸ்டர் ஹார்டி 1956 ஆம் ஆண்டு வெளியிட்ட 'தி ஓப்பன் சீ' என்னும் நூலில் வேறொரு பெயருடன் இடம்பெற்றது. அப்போதும் இது தனிக் குடும்பம் என அறியப்படவில்லை.

1980களில் மேலும் சில இளம் மாதிரிகள் அத்திலாந்திக்கிலிருந்தும் பசிபிக்கிலிருந்தும் ஆய்வாளர்களுக்குக் கிடைத்தன. அமெரிக்காவின் தேசியப் பெருங்கடல் வளிமண்டல நிர்வாகத்தைச் சேர்ந்த மைக்கேல் வெக்கியோன், அவாய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் யங் ஆகிய இருவரும் இவற்றை ஆராய்ந்து, 1998 ஆம் ஆண்டு மாக்னாபின்னிடே என்னும் புதிய குடும்பத்தை நிறுவினர்.

இதற்கிடையே, ஆழ்கடல் நீர்மூழ்கிக் கலங்களில் சென்றவர்கள் அடையாளம் தெரியாத நீண்ட கைக் கணவாய் ஒன்றைக் கண்டு படம்பிடித்து வந்தனர். முதற்பதிவு 1988 ஆம் ஆண்டு செப்டம்பரில், பிரெஞ்சு நீர்மூழ்கிக் கலமான நாட்டிலிலிருந்து எடுக்கப்பட்டது. இவ்வாறு ஒருபுறம் அருங்காட்சியகப் புட்டிகளில் இளம் மாதிரிகளும், மறுபுறம் பெயரிடப்படாத பெரிய உயிரியின் படங்களும் சேர்ந்தன.

இவ்விரண்டையும் இணைத்தது 2001 ஆம் ஆண்டு டிசம்பரில் 'சயன்ஸ்' இதழில் வெளிவந்த கட்டுரை ஆகும். வெக்கியோன், யங் ஆகியோருடன் பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து எழுதிய இக்கட்டுரை, பல பெருங்கடல்களில் எடுக்கப்பட்ட படங்களை ஒன்றாக வைத்து ஆராய்ந்தது. உடலோடு ஒப்பிடுகையில் மிகப் பெரிய துடுப்புகள், நுனியில் இழையாக நீளும் கைகள் ஆகிய இரு கூறுகளும் இளம் மாதிரிகளிலும் படங்களிலும் ஒத்திருந்தன. எனவே படங்களில் உள்ளவை மாக்னாபின்னிடே குடும்பத்தின் முதிர்ந்த உயிரிகளாக இருக்கலாம் என்னும் முடிவு எட்டப்பட்டது. பிற்காலப் பதிவுகள் இம்முடிவுக்கு வலுச் சேர்த்துள்ளன. ஆயினும் முதிர்ந்த உயிரியின் திசு கிடைக்காத வரை, படத்திலுள்ள கணவாய் எந்த இனத்தைச் சேர்ந்தது என்று அறுதியிட முடியாது.

இனங்கள்

இப்பேரினத்தில் மூன்று இனங்கள் முறையாக விவரிக்கப்பட்டுள்ளன. மூன்றுமே இளம் மாதிரிகளைக் கொண்டு விவரிக்கப்பட்டவை.

- மாக்னாபின்னா டாலிஸ்மானி: 1907 ஆம் ஆண்டு விவரிக்கப்பட்டது. துடுப்புகளின் கீழ்ப்புறத்திலுள்ள சிறு வெண்ணிற முண்டுகள் இதன் அடையாளம்.
- மாக்னாபின்னா பசிபிக்கா: 1998 ஆம் ஆண்டு விவரிக்கப்பட்டது; குடும்பத்தின் வகைமாதிரி இனம். மூன்று மாதிரிகளுள் இரண்டு 300 மீட்டருக்கும் குறைவான ஆழத்தில் பிடிபட்டவை. மூன்றாவது ஒரு மீனின் வயிற்றிலிருந்து எடுக்கப்பட்டது. பற்றுக்கைகளின் அடிப்பகுதி, அருகிலுள்ள கைகளின் அடிப்பகுதியை விட அகலமானது.
- மாக்னாபின்னா அட்லாண்டிக்கா: வட அத்திலாந்திக்கில் கிடைத்த இரு மாதிரிகளைக் கொண்டு 2006 ஆம் ஆண்டு விவரிக்கப்பட்டது. இதில் பற்றுக்கைகளின் அடிப்பகுதி கைகளின் அடிப்பகுதியை விடக் குறுகலானது. அப்பகுதியில் உறிஞ்சிகள் இல்லை.

இவை தவிர, விவரிக்கப்படாத இனங்களைச் சேர்ந்தவை எனக் கருதப்படும் இளம் மாதிரிகளும் உள்ளன. ஹார்டியின் நூலில் படமாக வெளிவந்த தென் அத்திலாந்திக் மாதிரி அவற்றுள் ஒன்று.

முக்கியப் படப்பதிவுகள்

- 1988, செப்டம்பர்: பிரேசிலின் வடகரைக்கு அப்பால், 4,735 மீட்டர் ஆழம், நாட்டில் நீர்மூழ்கிக் கலம்.
- 1992, சூலை: மேற்கு ஆப்பிரிக்காவில் கானாவுக்கு அப்பால் 3,010 மீட்டர், செனகலுக்கு அப்பால் 2,950 மீட்டர், நாட்டில்.
- 1998, நவம்பர்: இந்தியப் பெருங்கடலில் மொரிசியசுக்குத் தெற்கே, 2,340 மீட்டர், சப்பானிய நீர்மூழ்கிக் கலமான சின்காய் 6500.
- 2000, சனவரி: மெக்சிக்கோ வளைகுடா, 1,940 மீட்டர், எண்ணெய்த் துளைப்புக் கப்பலின் நீரடி ஊர்தி.
- 2001, மே: அவாயின் ஒவாகு தீவுக்கு அப்பால், 3,380 மீட்டர், மான்டெரி விரிகுடா மீன்காட்சியக ஆய்வு நிறுவனத்தின் டிபுரோன் ஊர்தி. ஏறத்தாழ 10 நிமிடம் நீடித்த பதிவு.
- 2007, நவம்பர்: மெக்சிக்கோ வளைகுடாவின் பெர்டிடோ எண்ணெய்த் துளைப்புப் பகுதி, 2,386 மீட்டர். இக்காட்சி 2008 ஆம் ஆண்டு இணையத்தில் பரவி, இக்கணவாயைப் பொதுமக்களுக்கு அறிமுகப்படுத்தியது.
- 2020 ஆம் ஆண்டு வெளியானவை: மாபெரும் ஆஸ்திரேலிய வளைகுடாவில் ஐந்து கணவாய்கள், ஆஸ்திரேலியக் கடலில் முதற்பதிவுகள்.
- 2021: பிலிப்பைன் அகழி, 6,212 மீட்டர். கணவாய் ஒன்று காணப்பட்ட மிகப்பெரும் ஆழமாக இது 2022 ஆம் ஆண்டு வெளியான ஆய்வில் அறிவிக்கப்பட்டது.

பரவல்

அத்திலாந்திக், பசிபிக், இந்தியப் பெருங்கடல் ஆகிய மூன்றிலும், நிலநடுக்கோட்டின் இருபுறமும் இக்கணவாய் பதிவாகியுள்ளது. எனவே இப்பேரினம் உலகப் பெருங்கடல்கள் எங்கும் பரந்து வாழ்கிறது எனக் கருதப்படுகிறது. ஆயினும் இதன் பரவற் படத்தை வாசிக்கும்போது கவனம் தேவை. ஒரு பறவையின் பரவற் படத்தில் வெற்றிடம் இருந்தால் அப்பறவை அங்கு இல்லை என்று பெரும்பாலும் கொள்ளலாம். அங்கு பார்ப்பதற்கு மனிதர்கள் உள்ளனர். ஆழ்கடலில் அவ்வாறு கொள்ள முடியாது.

2025 ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வின்படி, 200 மீட்டருக்கும் கீழே உள்ள ஆழ்கடல் தரையில் இதுவரை நேரிலோ கேமரா வழியாகவோ பார்க்கப்பட்டது 0.001 விழுக்காட்டுக்கும் குறைவு. அவ்வாறு பார்த்த பதிவுகளிலும் 65 விழுக்காட்டுக்கு மேற்பட்டவை அமெரிக்கா, சப்பான், நியூசிலாந்து ஆகிய மூன்று நாடுகளின் கரையிலிருந்து 200 கடல்மைல்களுக்குள் அமைந்தவை. மெக்சிக்கோ வளைகுடாவில் இக்கணவாய் அடிக்கடி பதிவானதற்குக் காரணம், அங்கு எண்ணெய் நிறுவனங்களின் கேமராக்கள் ஆழ்கடலில் பல மணி நேரம் இயங்கியதே ஆகும். ஆகவே இதன் பரவற் படம் கணவாய்கள் வாழும் இடங்களைக் காட்டுவது போலவே, கேமராக்கள் சென்ற இடங்களையும் காட்டுகிறது.

இதற்கு ஆஸ்திரேலியா நல்ல சான்று. அக்கடலில் அதுவரை ஒரு பதிவும் இருக்கவில்லை. 946 முதல் 3,258 மீட்டர் வரையான ஆழங்களில் முறையாகக் கேமராக்கள் செலுத்தப்பட்டதும் ஐந்து கணவாய்கள் தென்பட்டன. அதற்கு முன் உலகம் முழுவதும் பதிவான காட்சிகள் ஏறத்தாழ பன்னிரண்டு மட்டுமே. அந்த ஐந்தும் இடத்தாலும் காலத்தாலும் ஒன்றுக்கொன்று அருகிலேயே காணப்பட்டன. உடல் வேறுபாடுகளைக் கொண்டு அவை வெவ்வேறு உயிரிகள் என உறுதிசெய்யப்பட்டது. முந்தைய பதிவுகள் பெரும்பாலும் தனித்த உயிரிகளையே காட்டியதால் இது புதிய செய்தியாக அமைந்தது.

செங்குத்துப் பரவலும் கருதத்தக்கது. இளம் மாதிரிகள் சில 300 மீட்டருக்கும் குறைவான ஆழத்தில் கிடைத்திருக்க, பெரியவை ஆயிரக்கணக்கான மீட்டர் ஆழத்தில், கடல் தரைக்கு அருகே காணப்படுகின்றன. வளர வளர ஆழத்தை நோக்கி இறங்குவது ஆழ்கடற் கணவாய்கள் பலவற்றில் அறியப்பட்ட வாழ்க்கைமுறை ஆகும். இப்பேரினத்திலும் அதுவே நிகழ்கிறது எனக் கருதலாம்.

வாழிடம்

இக்கணவாய் வாழும் ஆழத்திற்குச் சூரிய ஒளி எட்டுவதில்லை. நீர் உறைநிலையை விடச் சில பாகை மட்டுமே வெப்பமானது. ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்திற்கும் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுவதால், 6,212 மீட்டரில் அழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதைப் போல 600 மடங்குக்கு மேல் இருக்கும். உணவும் அரிது, மேல்நீரில் வாழ்ந்து மடிந்த உயிரிகளின் எச்சங்கள் துகள்களாகக் கீழிறங்குவதே அங்குள்ள உயிர்களுக்கு முதன்மை ஆதாரம்.

உணவு முறை

இக்கணவாய் இரை பிடிப்பதை இதுவரை எந்தக் கேமராவும் பதிவு செய்யவில்லை. கைகள் அமைந்துள்ள முறையைக் கொண்டு இரு கருத்துகள் கூறப்படுகின்றன. முதலாவது, தொங்கும் இழைகளைக் கடல் தரையின்மேல் இழுத்துச் சென்று, அங்குள்ள சிற்றுயிரிகளைப் பற்றுகிறது என்பது. இரண்டாவது, இழைகளைப் பரப்பி அசையாமல் நின்று, நீரில் நீந்திவரும் சிற்றுயிரிகள் தாமாகவே மோதி ஒட்டிக்கொள்வதற்காகக் காத்திருக்கிறது என்பது. சிலந்தி வலையை ஒத்த முறை இது. ஒரு படப்பதிவில் கணவாயின் இழைகள் ஊர்தியின்மேல் பட்டபோது, அவற்றை விடுவித்துக்கொள்ள அது சிரமப்பட்டதாகத் தோன்றியது. இழைகள் ஒட்டும் தன்மை உடையவை என்னும் எண்ணத்துக்கு இது இடமளிக்கிறது.

எவ்வாறாயினும், பற்றுக்கைகளை எய்து இரை பிடிக்கும் ஊசிக்கணவாயின் முறை இதற்குப் பொருந்தாது. இருளில் இரையைத் துரத்துவது மிகுந்த ஆற்றலைச் செலவழிக்கும் செயல். அசைவைக் குறைத்து, உடலைச் சிறிதாக வைத்து, எட்டும் பரப்பை மட்டும் பெருக்கிக்கொள்வது உணவு அரிதான இடத்திற்கு ஏற்ற அமைப்பு ஆகும்.

பிடிபடாமைக்கான காரணங்கள்

ஆழ்கடலில் இழுக்கப்படும் வலையின் வாய் கடலின் பரப்போடு ஒப்பிட மிகச் சிறியது. அதை 3,000 மீட்டர் ஆழத்திற்கு இறக்கி ஏற்றப் பல மணி நேரம் ஆகும். கடல் தரையை ஒட்டி வாழும் பெரிய கணவாய்கள் வலையின் அசைவை உணர்ந்து விலகிவிடவும் கூடும். அகப்பட்டாலும், மென்மையான உடலும் நூல் போன்ற இழைகளும் வலையின் உராய்வில் சிதைந்துவிடுகின்றன. எனவே இப்பேரினத்தைப் பொறுத்தவரை கேமரா, வலைக்கு மாற்றாக மட்டுமன்றி, வலையால் தரமுடியாத செய்திகளைத் தரும் கருவியாகவும் உள்ளது. கைகளின் முழு நீளம், அவற்றை வைத்திருக்கும் முறை, உயிருள்ள உடலின் நிறம் ஆகியவை படத்தால் மட்டுமே அறியப்பட்டவை. உள்ளுறுப்புகள், இனப்பெருக்கம், மரபணு ஆகியவற்றுக்கோ முழுமையான மாதிரி ஒன்று தேவைப்படுகிறது.